ஃப்ரிட்ஜில் ஒரு ஏரி

அக்கா பாட்டிலைக் கவிழ்த்த வேகத்தில் பழுப்புத் தண்ணீர் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு சுழி சுழித்து மறைந்துவிட்டது. "ஐயோ, அக்கா!" என்று வாத்தியார் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"என்னடா ஐயோ? வர்றவங்களுக்குக் காப்பி போடப் பால் வைக்க இடம் வேணாமா? குட்டைத் தண்ணிய ஃப்ரிட்ஜுல வச்சுக்கிட்டு!"

கூடத்தில் அவர் மனைவி கிடத்தப்பட்டிருந்தாள். காலையில் மாரடைப்பு. நிலம், நீர் சம்பந்தப்பட்ட வழக்குகளை மட்டுமே எடுக்கிற வக்கீல் அவள். எந்த ஏரிக்காக வாதாடினாலும் அதில் ஒரு பாட்டில் வீட்டுக்கு வந்து பாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் வாத்தியார் அதில் டீ போட்டுக் குடித்தேவிட்டார். "கேஸையே குடிச்சிட்டீங்களே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இனிமேல் கேட்கவே முடியாது என்பது, காலி பாட்டிலைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

வாசலில் ஜூனியர் வக்கீல் பெண் அழுத கண்ணோடு நின்றாள். கேட்கவே அவளுக்குக் கூசியது.

"சார், அந்த பாட்டில்... இன்னைக்குள்ள லேப்ல குடுத்தாகணும். நாளைக்கு மறுநாள் விசாரணை. அது ஏரியே இல்ல, மழைத்தண்ணி தேங்குற பள்ளம்னு கம்பெனி சொல்லுது. அந்தத் தண்ணிய வச்சு அடியில ஊத்து இருக்குன்னு நாம காட்டலன்னா மண்ணக் கொட்டி மூடிருவாங்க."

"கொட்டியாச்சும்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊத்து எந்த இடம்னு மேடத்துக்கு மட்டும்தானே சார் தெரியும்?"

"எனக்கும் தெரியும்," என்றார் வாத்தியார்.

போன வாரம் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று மனைவி அவரையும் ஏரிக்குள் இழுத்துப் போயிருந்தாள். வேண்டா வெறுப்பாகத்தான் போனார்.

மனைவியிடம் குனிந்து, "இதோ வந்துடறேன்," என்றார்.

"அவளப் போட்டுட்டு எங்கடா கிளம்பற? நாலு பேரு என்ன பேசுவாங்க?" அக்கா வழியை மறித்தாள்.

"பேசட்டும்க்கா. எடுக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

ஏரியில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கரையில் மனைவி அடையாளம் வைத்திருந்த பட்டுப்போன மரத்துக்கு நேராகக் காலால் துழாவித் துழாவி நடந்தார். கிடைக்கவில்லை. ஜூனியர் கரையில் கயிற்றைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். சட்டென்று உள்ளங்காலில் சில்லென்றது.

"சில்லுன்னு இருக்கா? இருக்கா, சொல்லுங்க!" என்று அன்றைக்கு இதே இடத்தில் மனைவி சின்னப் பிள்ளைபோல் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "சேறுதான் இருக்கு," என்று இவர் எரிந்து விழுந்தார்.

"இருக்கும்மா, இருக்கு," என்று இப்போது சத்தமாகச் சொன்னார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாட்டிலை அடிமட்டத்துக்கு அழுத்தி நிரப்பி மூடினார்.

ஜூனியர் அதை லேபுக்குக் கொண்டுபோனாள். வாத்தியார் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லோரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். யாரையும் பார்க்காமல் நேரே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து அவள் தலைமாடு வரைக்கும் சேற்றுத் தடம். அவள் வீடு திரும்பும்போதெல்லாம் பதிகிற அதே தடம். பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு துடைப்பது அவர் வேலை.

அக்கா துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்றார். "நான் அப்புறம் துடைச்சுக்கறேன்."