சாமிக்குச் சத்தம் போடாத பட்டை

அங்கமுத்துவுக்குச் சாமி இறங்கினால் சிம்பாங் அம்பாட் தோட்டத்துச் செம்பனைகள் தாமாகவே பழம் உதிர்க்கும். லாரி கொண்டுவந்தால் போதும். சந்தேகமிருந்தால் அந்த லாரிக்காரனைக் கேட்கலாம். அவன் இறந்துவிட்டான்.

இந்த வருடம் முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு அங்கமுத்துவின் தம்பி மகள் கோமளா, உடன் படிக்கும் தினேஷ்வரனோடு மலாக்காவிலிருந்து வந்தாள். இருவரும் பொறியியல் மாணவர்கள். கையில் கட்டும் பட்டை ஒன்று செய்திருந்தார்கள். நாடி எகிறினால் அது அலறும், கைப்பேசிக்கும் செய்தி போகும். முதலில் எனக்குக் கட்டிப் பார்த்தார்கள். நான் காலையிலேயே இறந்துவிட்டதாகச் சொன்னது. இரண்டு ரொட்டி சானாய் தின்று காட்டிய பிறகுதான் திருத்திக்கொண்டது.

அடுத்து அங்கமுத்துவுக்குக் கட்டினார்கள். உறுமி முழங்கிச் சாமி இறங்கியதும் பட்டை வீலென்று கத்தியது. கோயில் தலைவர் தங்கராஜு பாய்ந்து வந்தார்.

"தம்பி, சாமிக்கே ஹாரன் அடிக்கிறியா? கழட்டுலா!"

"வேணாம் அங்கிள், செட்டிங்க மாத்திடுறேன்."

தினேஷ்வரன் கொட்டகையிலேயே மடிக்கணினியைத் திறந்தான். நாடியும் எகிறி, கையும் நடுங்கினால் அது சாமி, சத்தம் கூடாது. கைப்பேசியில் 'சாமி' என்று மட்டும் காட்டும். எல்லாருக்கும் திருப்தி. கணினிக்கு விபூதி பூசினோம்.

மறுநாள் காலையிலேயே சாமி இறங்கியது. பட்டை வாய் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்து உறுமிக்காரர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். அங்கமுத்து படியில் உட்கார்ந்தார். கை நடுங்கியபடியே இருந்தது, வேர்வை கொட்டியது. குறி கேட்க வரிசை நின்றது. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்று பெத்தம்மாள் கேட்டாள். பதில் இல்லை.

"சாமி கோவமா இருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

கோமளா கைப்பேசியைப் பார்த்தாள். "தினேஷ், உறுமி நின்னு போச்சு. இன்னும் ஏன் சாமின்னே காட்டுது?"

"சாமி மோட்லா. கரெக்டாதான் காட்டுது."

"உறுமி நின்னா எங்க பெரியப்பா கை நின்னுடும். சின்னதிலேர்ந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் படியை நோக்கி ஓடினாள். தங்கராஜு குறுக்கே கை நீட்டினார். "சூடம் காட்டி மலையேத்தாம தொடக்கூடாதும்மா!"

அவள் தொட்டாள். "பெரியப்பா!"

"உறுமிய நிறுத்தச் சொல்லும்மா" என்றார் அங்கமுத்து, மிக மெல்லிய குரலில். "நெஞ்சுக்குள்ள அடிக்குது."

தங்கராஜு தன் காரைத் தானே கொண்டுவந்தார். வழியிலிருந்த விளக்குகள் எல்லாம் எங்களுக்காகப் பச்சையாக மாறின என்று சொல்ல ஆசைதான். எல்லாமே சிவப்பு.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். "எப்ப ஆரம்பிச்சது? அது தெரிஞ்சாதான் மருந்து முடிவு பண்ண முடியும்."

கோமளா கைப்பேசியை நீட்டினாள். காலையிலிருந்து திரை முழுக்கச் சாமி, சாமி, சாமி.

"இதுல எதுவரைக்கும் சாமி?" என்றார் டாக்டர்.

தினேஷ்வரன் கைப்பேசியை வாங்கித் திரையை மேலும் கீழும் தள்ளினான். டாக்டர் காத்திருக்கவில்லை. கதவு ஆடி அடங்குவதற்குள் உள்ளே பார்த்தேன். அங்கமுத்துவின் கையிலிருந்த பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.