பல்லவியில் நிற்பவர்கள்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் வாத்தியக்காரர்கள் இசைத்தாள்களுக்குத் துணிக்கிளிப் மாட்டுவார்கள். பச்சை, மஞ்சள், ரோஸ். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக விறைத்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய மனிதர்களின் முன்னால் அந்தக் கிளிப்புகள் மொட்டைமாடிக் கொடியிலிருந்து பறித்துவந்தவைபோல இருக்கும். வியாழன்தோறும் எங்கள் துறைமுக நகரமான வேராக்ரூஸின் சதுக்கத்துக்குள் நுழையும்போது நான் முதலில் தேடுவது அவற்றைத்தான். கிளிப் இருந்தால் கச்சேரி உண்டு. மழை வரும்போல இருந்தால் அவை பெட்டியை விட்டு வெளியே வராது.

என் நாற்காலி மேடைக்கு இடப்புறம், கிளாரினெட்டுகளுக்குப் பக்கத்தில். நகராட்சியின் இரும்பு நாற்காலிதான். ஆனாலும் நான் வருவதைப் பார்த்தால் ஷூ பாலிஷ் போடுகிறவர் அதன்மேல் வைத்திருக்கும் பெட்டியை எடுத்துவிடுவார். பகல் முழுவதும் மருந்துக்கடையில் நிற்கிறேன். யாரோ ஒருவருடைய இருமல், யாரோ ஒருவருடைய மூலம், யாரோ ஒருவருடைய தூக்கமின்மை என்று கேட்டுக் கேட்டுக் காது நிரம்பிப்போய்த்தான் இங்கே வருவேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதுவும் ஏறாது. பிறகு முரசுக்காரரின் முக்காலி கிறீச்சிடுவது கேட்கும். ட்ரம்பெட்காரர் ஊதுவதற்குமுன் உதட்டை நனைத்துக்கொள்வது கேட்கும். அதன்பின் எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது கிளாரினெட் வாசிக்கிறவர் அர்னுல்ஃபோ. கைதட்டலெல்லாம் முதல் கிளாரினெட்டுக்குத்தான் போகும். அர்னுல்ஃபோ எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாக நுழைவார். கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வருகிறவர்போல. அது தப்பு என்று சிலர் சொல்வார்கள். அந்த மயிரிழைக்காகத்தான் நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன். துறைமுகத்துக் காற்று திரும்பும்போது ட்ரம்பெட்டுகளின் சத்தத்தை மாதாகோவில் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். அப்போது அர்னுல்ஃபோவும் நானும் மட்டும் அந்தச் சதுக்கத்தில் மிஞ்சியிருப்பதுபோல ஆகிவிடும்.

இதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. என்னோடு கடையில் வேலைபார்க்கும் சோலே ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருக்காகடி காத்துட்டிருக்க?"

"யாருக்காகவும் இல்ல. பாட்டு கேக்கறேன்."

"பாட்டு கேக்க ரேடியோ பத்தாதா? இவ்ளோ பவுடர் எதுக்கு?"

"ரேடியோ முன்னாடியும் பூசிப்பேன்."

"அப்ப ரேடியோவையே கட்டிக்க. சாப்பாடு கேக்காது, குறட்டையும் விடாது."

தன்சோன் என்பது எங்கள் ஊரில் ஜோடியாக ஆடுவதற்கான இசை. ஆடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் என்றால், யாரும் ஆடக் கூப்பிடாத பெண். வேறு அர்த்தம் கிடையாது. இதை நான் அறிந்திருந்தேன். எனக்கு அது வலிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஃபெர்மின் என் முன்னால் வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். சரக்குப் பெட்டியைக் கப்பலுக்குள் விரல்கடை இடைவெளியில் இறக்கிப் பழகிய மனிதர், ஆடும்போதும் அப்படித்தான். ஒரே தரைக்கல்லை விட்டு வெளியே போகாமல் ஒரு பாட்டு முழுவதும் ஆடிவிடுவார் என்பார்கள். அவருடைய கறுப்பு வெள்ளை ஷூக்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

"டோன்யா சொராய்தா, இந்த நாற்காலி உங்கள எத்தன நாளா பிடிச்சு வச்சிருக்கு?" என்றார். டோன்யா என்பது எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக அழைப்பது.

"நான்தான் அதப் பிடிச்சு வச்சிருக்கேன், ஐயா."

"ஒரே ஒரு பாட்டுக்கு விட்டுக் குடுங்க. எங்கயும் ஓடிடாது."

எழுந்துபோனேன். ஏன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் நீட்டிய கையை அத்தனை பேர் முன்னால் தட்டிவிட முடியவில்லை, அதனால்தான் என்று ஒருநாள் தோன்றும். எனக்கு வலிக்கத்தான் செய்திருக்கிறது என்று இன்னொருநாள் தோன்றும்.

தன்சோனில் பல்லவி வந்தால் ஆடக்கூடாது. ஜோடிகள் கையைக் கோத்தபடி வாத்தியக்காரர்களைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பெண்கள் விசிறியைப் பிரித்து வீசிக்கொள்வார்கள். சரணம் தொடங்கும் அந்த அடியில், ஒரு இமைப்பொழுதுகூடப் பிந்தாமல், எல்லாக் கால்களும் ஒன்றாக நகரும். திரும்பப் பல்லவி, திரும்ப நிற்பது. கடைசியில் வேகமான பகுதி. வெளியூர்க்காரர்கள் பல்லவியிலும் ஆடிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் விசிறிக்குப் பின்னால் சிரித்துக்கொள்வோம். நிற்க வேண்டிய இடத்தில் நின்று, கிளம்ப வேண்டிய இடத்தில் கிளம்புகிறவர்தான் இந்த ஊர்க்காரர்.

மழைக்காலம் முழுவதும், மழை விட்ட மாலைகளில், ஃபெர்மினோடு ஆடிப் பழகினேன். அவருடைய சட்டையில் வரும் எலுமிச்சை வாசனைக்குப் பழகினேன். ஆட்டம் முடிந்தபின் கடற்கரைச் சுவரோரம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, அதிகம் பேசாமல் நடப்பதற்கும் பழகினேன். அவர் சாப்பிட வரும் இரவுகளில் வீட்டில் ஒரு தட்டுக்குப் பதிலாக இரண்டு தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பது எவ்வளவு சின்ன விஷயம். அது கொடுத்த நிம்மதி அவ்வளவு சின்னதாக இல்லை.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான், அன்று வாசித்த பாட்டு ஒன்றைக்கூட என்னால் முணுமுணுக்க முடியவில்லை என்று தெரிந்தது. படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். எத்தனை எட்டு, எந்தக் கால், முதுகில் அவர் விரல் எந்தப் பக்கம் அழுத்தியது என்று எல்லாம் நினைவிருந்தது. பாட்டு இல்லை. அடுத்த வாரம் கவனித்தேன். சரணம் தொடங்கியதும் என் காது மூடிக்கொண்டுவிடுகிறது. பல்லவியில் நிற்கும்போது மட்டும் திறக்கிறது. விசிறியை வீசியபடி அந்தச் சில அடிகளைப் பசித்தவள்போல விழுங்குவேன். உடனே முதுகில் அவர் விரல் அழுத்தும், கிளம்பு என்று.

அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? உங்கள் கைக்குள் இருக்கும்போது எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றா? நான் நாற்காலிக்குத் திரும்பிவிட்டால் அவர் ஆட வேறு ஆள் வேண்டும். மிலாக்ரோஸ் இருக்கிறாள். ஒல்லியாக, நிமிர்ந்து, எப்போதும் ஒரு சிவப்பு விசிறியோடு. அவரைப் பார்த்ததும் அந்த விசிறி கொஞ்சம் வேகமாக அசையும். அவரா, நாற்காலியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அர்னுல்ஃபோவின் மயிரிழைக்காக ஒரு மனிதரை விட்டுக்கொடுக்கிற பெண் பைத்தியக்காரியாகத்தான் இருக்க வேண்டும். அதைவிட மோசமாக, அவருக்காக மயிரிழையை விட்டுவிட்டு மெல்ல மெல்ல அவர்மேலேயே எரிச்சல்படப் போகிறவளும் நான்தான் என்று தெரிந்தது. அந்த எரிச்சலின் முதல் துளி ஏற்கெனவே விழுந்திருந்தது. அவர் ஐஸ்கிரீம் தின்னும் சத்தம் சில நாட்களாகப் பிடிக்காமல் போயிருந்தது.

நவம்பரில் என் பிறந்தநாள் வியாழக்கிழமையில் வந்தது. காலையிலிருந்தே வானம் ஈயநிறம். துறைமுகத்தில் கொடி ஏற்றிவிட்டார்கள், வாடை வருகிறது என்று. ஆனாலும் சதுக்கத்தில் கிளிப்புகள் இருந்தன. ஃபெர்மின் புதுச் சட்டை போட்டிருந்தார். இரண்டு பாட்டு முடிந்ததும் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, பாட்டைச் சமர்ப்பிக்கும்போது வழக்கமாகச் சொல்வதுபோலக் கூவினார்.

"ஏய், குடும்பமே! இந்த தன்சோன் டோன்யா சொராய்தாவுக்கும் அவங்களோட வந்திருக்கிற நண்பர்களுக்கும் சமர்ப்பணம்!"

இத்தனை வருடங்களில் எத்தனையோ பெயர்களுக்குக் கைதட்டியிருக்கிறேன். என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது யாரோ வேறு சொராய்தா என்றே நினைத்தேன். ஃபெர்மின் என்னைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ நாற்காலியில உக்காந்திருந்த காலத்துல எந்தப் பாட்டுக்குக் கண்ண மூடுவன்னு அர்னுல்ஃபோகிட்ட கேட்டேன்," என்றார். "அவரு சட்டுனு சொல்லிட்டாரு."

கிளாரினெட்டுகளின் பாட்டு அது. எனக்கு மிகப் பிடித்த பாட்டு. எனக்கென்றே வாசிக்கிறார்கள், எனக்கு அது கேட்கப்போவதில்லை.

பல்லவி வந்தது. நின்றோம். பிறகு முதல் சரணம். ஆடினோம், நன்றாகவே ஆடினேன் என்று நினைக்கிறேன். மறுபடி பல்லவி. கையைக் கோத்து மேடையைப் பார்த்துத் திரும்பினோம். விசிறியைப் பிரித்தேன். அந்த நேரம் பார்த்து வாடை வந்தது. சதுக்கத்துப் பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அர்னுல்ஃபோவின் முன்னாலிருந்த கிளிப் தெறித்து, தாள் பறந்து, மாதாகோவில் படிகளை நோக்கிப் போனது. அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

சரணம் தொடங்கியது. அவருக்குத் தாள் இல்லை. மயிரிழை தாமதம் இன்னும் கொஞ்சம் நீண்டது. வருவாரா மாட்டாரா? வந்தார். அதுவரை அந்தப் பாட்டில் இல்லாத ஒரு வழியாக வந்தார். முதல் கிளாரினெட்டுக்குக் கீழே, தழையத் தழைய, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர்போல.

முதுகில் ஃபெர்மினின் விரல் அழுத்தியது. சுற்றிலும் எல்லாக் கால்களும் நகர்ந்துவிட்டன. என் கால்கள் நகரவில்லை.

விரல் மறுபடி அழுத்தியது. யாரோ ஒருவரின் முழங்கை என்மேல் இடித்தது.

"டோன்யா, சரணம் ஆரம்பிச்சாச்சு!"

"ஏய் ஃபெர்மின், உன் கிரேன் மக்கர் பண்ணுதா?"

"கரென்ட் போயிடுச்சுப்பா!"

சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு அடிகூடப் பிந்தாத மனிதர், நடுச் சதுக்கத்தில், சரணத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் காது சிவந்துவிட்டது.

"கால் வலிக்குதா?" என்றார் மெதுவாக.

"இல்ல. நான் கேக்கணும்."

"என்ன கேக்கணும்? கேளு."

"உங்ககிட்ட இல்ல. பாட்டக் கேக்கணும். ஆடும்போது எனக்கு ஒண்ணுமே கேக்கல ஃபெர்மின். இத்தன மாசமா கேக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை. கப்பல் அறிவிக்காமல் திசை மாறிவிட்டால் கிரேன்காரர் பார்ப்பாரே, அப்படி. கையை என் முதுகிலிருந்து எடுத்தார். போகவில்லை. பக்கத்திலேயே நின்றார். அவருடைய குதிகால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்காக நிற்கிறார், ஆனால் நிற்பது அவருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல என்று தெரிந்தது. என்னைப் போலவே அவரும் பட்டினி கிடக்கிறார்.

கடைசிப் பல்லவி வந்தது. எல்லோரும் நின்றார்கள். அந்தச் சில அடிகளுக்கு நாங்களும் மற்றவர்களைப் போலவே ஆனோம்.

"வேகப் பகுதி வரப்போகுது," என்றேன். "மிலாக்ரோஸ் அங்க தனியாத்தான் நிக்கிறா. போங்க."

"உன் பாட்டு இது."

"அதனாலதான் சொல்றேன். போங்க, நேரமாச்சு."

போனார். சிவப்பு விசிறி படக்கென்று மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நெஞ்சில் ஏதோ ஒன்று அதே மாதிரி மூடிக்கொண்டது. ஜோடிகளுக்கு நடுவே புகுந்து என் நாற்காலிக்கு வந்தேன். பாலிஷ்காரர் பெட்டியை எடுத்தார். உட்கார்ந்தேன். முக்காலியின் கிறீச் கேட்டது. பிறகு எல்லாமே கேட்டன.

அப்போதுதான் ஃபெர்மினைப் பார்த்தேன். இத்தனை மாதங்கள் அவருடைய கைக்குள் இருந்ததால், அவர் ஆடுவதை நான் பார்த்ததே இல்லை. அதற்கு முன்னாலோ கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மிலாக்ரோஸின் பாதம் முதல் கிளாரினெட்டோடு இறங்கியது. ஃபெர்மினின் கறுப்பு வெள்ளை ஷூ ஒரு மயிரிழை தள்ளி இறங்கியது. தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி பார்த்தேன். அர்னுல்ஃபோ தயங்கிய இடத்தில் அந்தக் குதிகாலும் தயங்கியது. அர்னுல்ஃபோ தாளில்லாமல் தடவிப்போன வளைவில் அந்தக் கால் விரலும் வளைந்துபோனது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நான் கேட்ட அதே இடத்தை. அதைக் கேட்டபடி என்னை ஆட்டிவைத்திருக்கிறார். நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டுவரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டு வெட்டினாற்போல் முடிந்தது. அவர் வியர்வையோடு வந்து என் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பொறந்த நாளும் அதுவுமா உன் பாட்ட இன்னொருத்தியோட ஆடிட்டேன். திட்டு."

"நீங்க ரெண்டாவது கிளாரினெட்டுக்கு ஆடுறீங்க, தெரியுமா?"

"எது ரெண்டாவது?"

"அர்னுல்ஃபோ."

"தாள் பறந்தப்புறமும் அவரு வாசிச்சாரா? அதத் துரத்திட்டு ஓடுவாருன்னுல்ல பாத்தேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்கலன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன, தூக்கியா போட்டுடுவேன்? சரக்கையே பத்திரமா எறக்கினவன்."

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான். உன் கால் எப்பவும் எங்கேயோ போற மாதிரியே இருக்கும்."

சோலே ஒரு காகிதத்தில் சூடான மீன் பன்னோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். "என்ன, ரேடியோ வந்து பக்கத்துல உக்காந்துடுச்சா?" என்றாள்.

அடுத்த பாட்டுக்கு முரசுக்காரர் தட்டினார். ஃபெர்மினின் குதிகால் எழுந்தது. என்னைப் பார்த்தார். கண்ணாலேயே போகச் சொன்னேன். சிவப்பு விசிறி இம்முறை வேகமாக அசைந்தபோது எனக்கு இலேசாகக் குத்தத்தான் செய்தது. அந்தக் குத்தலையும் வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டு அதற்கும் இடம் கொடுத்தது.

பல்லவி வந்தது. சதுக்கம் நின்றது. ஜோடிகளெல்லாம் வழக்கம்போல மேடையைப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரே ஒருவர் மட்டும் தப்பான பக்கம், என் நாற்காலியைப் பார்த்துத் திரும்பி நின்றார். மிலாக்ரோஸ் விசிறியால் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் திரும்பவில்லை. அர்னுல்ஃபோ இருந்த பக்கம் தலையை அசைத்து, அவர் பாட்டுக்குள் வந்தாச்சா என்று புருவத்தைத் தூக்கினார்.

இன்னும் இல்லை, ஒரு மயிரிழை பாக்கி என்று விரலைக் காட்டினேன்.