வெறுங்கிளையில் மீன்கொத்தி

1
இந்தக் கதை என்னுடையதல்ல. என் பல் மருத்துவர், நான் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்து கிடந்தபோது சொன்னது. இடையில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. விட்டுப்போன இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2
‘இலையுதிர் காலத்துப் பொன்வெயிலில் ஏரி தகதகவென்று…’

வேண்டாம். அன்று வெயிலே இல்லை. காற்றுதான். கரையெல்லாம் சருகு ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவரை இனி அக்கா என்கிறேன். அவளும் தம்பியும் வருஷாவருஷம் இலை உதிரும் நாட்களில் அந்த ஏரியைச் சுற்றிப் பறவை பார்ப்பார்கள். தம்பி பஸ் டிரைவர். எதுவும் முதலில் அவன் கண்ணில்தான் படும். அக்கா நோட்டில் எழுதிக்கொள்வாள். இந்த முறை ரொம்ப நேரம் அவன் ஒரு பறவையைக்கூடக் காட்டவில்லை. கடைசியில்,

“அக்கா, அதோ கொக்கு.”

நாணலில் சிக்கியிருந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன்.

“கொக்காடா அது?”

“சும்மா சொன்னேன். நீ பார்க்கறியான்னு.”

(தம்பியை வயதானவனாக எழுதிப் பார்த்தேன். பரிதாபம் வழிந்தது, அடித்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயது. வாய் நிறையச் சிரிப்பான்.)

3
பாதை வயல் பக்கம் திரும்பும் இடத்தில் மொட்டையாக ஒரு மரம். அக்கா நின்றாள். கையை நீட்டினாள்.

“கீழ்க்கிளையில பாரு, மீன்கொத்தி.”

தம்பி பைனாகுலரைத் தூக்கினான்.

“ஆமாக்கா. என்ன நீலம்!”

கிளையில் ஒன்றுமே இல்லை.

(முதல் பிரதியில் அங்கே நிஜமாகவே ஒரு மீன்கொத்தியை உட்கார வைத்தேன். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.)

4
“அங்க ஒண்ணும் இல்லடா.”

அவன் பைனாகுலரை இறக்கவில்லை.

“எவ்வளவு நாளாடா இப்படி?”

“நாலு மாசமா. நடுவுல புகை மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. பழகின ரோடுதானே, சமாளிச்சுக்கறேன்.”

“சமாளிக்கறியா? உன் முதுகுக்குப் பின்னாடி அம்பது பேர் உக்காந்திருக்காங்க!”

“எனக்கு மட்டும் தெரியாதா? இதை விட்டா எனக்கு என்ன வேலை தெரியும், சொல்லு. ஒரு வாரம் குடுக்கா. டிப்போல நானே சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டு, கார் சாவியை அவளிடம் நீட்டினான். காலையில் ஏரி வரைக்கும் அவன்தான் ஓட்டி வந்திருந்தான்.

5
நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், அக்கா அங்கேயே டிப்போவுக்குப் போன் போடுகிறாள். தம்பி அவள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிடுகிறான். இன்னொன்றில் அவள் ஒரு வாரம் கொடுக்கிறாள். ஐந்தாம் நாள் நல்ல மழை, பள்ளிக்கூடத் திருப்பத்தில்…

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

நிஜத்தில் என்ன செய்தாள் என்று மருத்துவர் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சரி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அவ்வளவு சுலபமாக உங்களை விடுவதாக இல்லை.

நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அவன் பஸ் கிளம்ப வேண்டும். கார் சாவி உங்கள் கையில், டிப்போ நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. பக்கத்து சீட்டில் தம்பி பெல்ட் போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

வண்டியை எடுங்கள்.