விரல் பொருந்திய பள்ளம்

ரெக்ஸ் அந்தக் கைத்துப்பாக்கியை மேசையில் வைத்ததுமே எல்வுட் கையிலிருந்த நாச்சோ சிப்ஸைத் தட்டிலேயே போட்டான்.

அமெரிக்காவில் துல்சா நகரத்துத் துப்பாக்கிச் சந்தை, சனிக்கிழமைக் கூட்டம். எல்வுடின் விற்பனை மேசையில் பழைய பெல்ட்டுகளுக்கு நடுவே அவன் உயிராய் வைத்திருக்கும் ஒரு மர உறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கனடா சரக்கு. துப்பாக்கியை உள்ளே வைத்து மூடலாம். வெளியே எடுத்து, உறையின் நுனியிலிருக்கும் இரும்பு நாக்கைப் பிடியின் பின்பக்கப் பள்ளத்தில் செருகினால், அதே உறை தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையாகிவிடும்.

"எப்படி இருக்கு மச்சான்? அந்த மூலைல ஒருத்தன்கிட்ட அமுக்கிட்டேன். பின்னாடி பள்ளத்தப் பாரு. உன் உறைக்குன்னே வெட்டின மாதிரி இல்ல?"

வெட்டியதுதான். துப்பாக்கி எண்பதுகளில் செய்தது. பள்ளத்தின் ஓரம் மட்டும் பளபளத்தது. யாரோ பிற்பாடு குடைந்திருக்கிறார்கள். உறையின் காலத்துத் துப்பாக்கியாக இருந்திருந்தால் மாட்டலாம், அரசாங்கப் பட்டியலில் அது பழம்பொருள். இதில் மாட்டினாலோ, சட்டப்படி அது கைத்துப்பாக்கி இல்லை, பதிவில்லாத குட்டைக் குழல் ரைஃபிள். பத்து வருஷம் வரை உள்ளே. வெளியே வந்தாலும் துப்பாக்கி என்று ஒன்றைத் தொடக்கூடாது. வீட்டில் ஆசை ஆசையாய்ச் சேர்த்து வைத்த அத்தனையும் போய்விடும்.

"மாப்ள, அத எடுத்துப் பைக்குள்ள வை."

"ஏன், பொறாமையா?"

"எடுன்னு சொல்றேன்ல."

"ஒரே தடவ மாட்டிப் பாத்துட்டு எடுக்கறேன். டொக்குன்னு ஒரு சத்தம் வருமாமே, அதக் கேக்கணும் எனக்கு."

எதிர் மேசையில் சாம்பல் தொப்பிக்காரர் ஒருவர் ஒரே பெல்ட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். விலை கேட்கவேயில்லை. சந்தைக்கு வந்து விலை கேட்காதவனை எல்வுட் இதுவரை பார்த்ததில்லை. இப்போது அவர் பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ரெக்ஸ் ஒரு கையில் உறையை எடுத்தான், இன்னொரு கையில் துப்பாக்கி. கத்தினால் கூடமே திரும்பும். இரும்பு நாக்கு பள்ளத்தின் வாயில் ஏறியது. எல்வுட் யோசிக்கவில்லை. சுட்டுவிரலை நடுவே நுழைத்தான்.

சத்தம் வரவில்லை. ரத்தம்தான் வந்தது.

"பைத்தியமா மச்சான் நீ!"

தொப்பிக்காரர் அதற்குள் மேசைக்கு வந்துவிட்டார். "இது ரெண்டும் யாரோடது?"

"எங்க குடும்பத்துதுதான் சார்," என்றான் ரெக்ஸ் பெருமையாக. "இவன் தங்கச்சியத்தான் நான் கட்டிருக்கேன்."

தங்கை லோரெட்டா பேசாமல் முன்பு அவளைப் பெண் கேட்ட பல் டாக்டரையே கட்டியிருக்கலாம் என்று எல்வுடுக்குத் தோன்றியது.

"உறை என்னுது சார். துப்பாக்கி அவருது, இப்பதான் வாங்கினாரு. வேற வேற வீடு."

தொப்பிக்காரர் சட்டையை லேசாக விலக்கினார். இடுப்பில் மத்திய அரசின் துப்பாக்கிக் கண்காணிப்பு அதிகாரி வில்லை. ரெக்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வழிந்து போனது.

"பொருந்துச்சா?"

எல்வுட் விரலைத் தூக்கிக் காட்டினான். "இதுதான் சார் பொருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், உறையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"மாட்டல. நானும் பாத்தேன்," என்றார் கடைசியில். "எந்த ஊரு?"

"விச்சிட்டா சார்."

"எதுல வந்தீங்க?"

"என் வண்டிலதான், ஒண்ணா," என்றான் ரெக்ஸ்.

"போறப்பவும் ஒண்ணாதானா?"

அவர் பார்வை உறையிலிருந்து துப்பாக்கிக்குப் போய் மறுபடி உறைக்கு வந்தது. துப்பாக்கியும் உறையும் ஒரே வண்டியில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். மாட்டாவிட்டாலும், இரண்டும் ஒன்றாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலே வழக்குப் போடலாம். எல்வுடுக்கு உறைத்தது.

"இல்ல சார். நான் பஸ்ல போறேன்."

"விரலுக்குக் கட்டுப் போடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்தில் கலந்தார்.

விச்சிட்டா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. துண்டில் சுற்றிய உறையை மடியில் வைத்திருந்தான். பக்கத்து இருக்கைப் பெண் பிடிலா என்று கேட்டாள், ஆமாம் என்று தலையாட்டினான். நெடுஞ்சாலை ஏறிக் கொஞ்ச நேரத்தில் ரெக்ஸின் சிவப்பு வண்டி பஸ்ஸை ஒட்டி வந்து ஹாரன் அடித்தது. போன் ஒலித்தது.

"கோவமா மச்சான்?"

"இவ்ளோ ஒட்டி வராத. முன்னாடி போ."

"நாளைக்கு விருந்துக்கு வருவல்ல? லோரெட்டா பிரிஸ்கெட் கறி போடறா."

விரல் விண்விண் என்று தெறித்தது. எல்வுட் துண்டை இன்னும் இறுக்கினான்.

"நான் வரேன். உறை வராது."