ஜன்னலடியில் நின்ற கார்

“இப்ப ஏசிய அணைச்சுட்டேன். சத்தம் நிக்குதா?”

“இல்ல பாய். இன்னும் டக்கு டக்குனு அடிக்குது. ஃபேனையும் அணைங்க.”

“அணைச்சாச்சு.”

“நின்னுடுச்சு! அப்ப கம்ப்ரசர் மேல தப்பில்ல. காத்த தள்ளுற ஃபேன்லதான் இன்னாவோ மாட்டியிருக்கு.”

நவநீதன் ஆம்பூர் பைபாஸ் ஓரத்துத் தோல் தொழிற்சாலையின் ஃபிட்டர். விடியற்காலை நான்கு மணியிலிருந்து, தோல் ஊறும் டிரம்மின் பேரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு, சுண்ணாம்பு அரித்த விரல்களைக் கழுவக்கூட நேரமில்லாமல் முதலாளியின் காருக்குள் மல்லாந்து கிடந்தான். கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்தியவர் பஃபிங் மிஷின் ஓட்டும் தன்சீல் அகமது. ஒன்பது மணிக்குக் கார், தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரரை அழைத்துவரச் சென்னைக்குப் போக வேண்டும்.

டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினான். பின்னால் ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலி. அடிக்கடி அடைத்துக்கொள்கிறதென்று முதலாளியின் டிரைவர் எப்போதோ பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். மூன்று ஸ்க்ரூவை எடுத்ததும் கூண்டு போன்ற ஃபேன் கையில் இறங்கியது. இதழ்களுக்கிடையே கேழ்வரகு மாவு போல் பழுப்புத் தூசி. அதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தோல் கீற்று சிக்கி, சுற்றுக்குச் சுற்று சுவரில் அடித்திருந்தது.

தன்சீல் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “நம்ம சரக்குதாம்பா. முதலாளி வண்டியும் நம்மகூட ஷிப்டு பாக்குது!”

காருக்கு மேலேதான் பஃபிங் கொட்டகையின் ஜன்னல். உள்ளே தோலை உப்புத்தாள் உருளையில் தேய்க்கத் தேய்க்கத் தூசி எழும். அதை உறிஞ்சும் மோட்டார் பொங்கலுக்கு முன்பே எரிந்துபோனது. அன்றுமுதல் உள்ளே வேலை செய்யும் ஏழு பேருக்கும் மூச்சு விட அந்த ஒரு ஜன்னல்தான். அதன் அடியில் புங்கமர நிழல், நிழலில் கார்.

நவநீதன் இதழ் இதழாகத் துடைத்து மாட்டினான். குளிர்ந்த காற்று சத்தமே இல்லாமல் முகத்தில் பட்டது. கண்ணை மூடினான். பெயர் தெரியாத ஏதோ ஊரில், பனி விழும் காலையில் நிற்பது போலிருந்தது.

“சரியாயிடுச்சா? இன்னா கோளாறு?” முதலாளி அன்பரசன் வந்து நின்றார்.

கண்டுபிடித்த பெருமையில் நவநீதன் உள்ளங்கைத் தூசியை நீட்டினான். “பஃபிங் ஜன்னல்லேர்ந்து வர்ற தூசி சார். புது ஃபில்டர் போட்டாலும் தாங்காது. திரும்பவும் சத்தம் வரும். அந்த மோட்டார…”

“அப்ப ஜன்னல அடைச்சுடு.”

“சார்?”

“பிளைவுட் கெடக்குதுல்ல? ஸ்க்ரூ போட்டு அடி.”

“வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்தினா…”

“வெயில்லயா? பெயின்ட் போனா நீ பதில் சொல்லுவியா?” அன்பரசன் சிரித்தார். “இந்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுதுல்ல? ஞாபகம் வெச்சுக்கோ.”

அந்த ஜன்னலைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது பிளைவுட்டைத் தூக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கொட்டகைக்குள், தன்சீல் திரும்பிப் போய் ஓட்டிய மிஷின் உறுமியது. தோல் அடுக்கும் அமிர்தவள்ளி ஈரத்துண்டை முகத்தில் கட்டியிருந்தாள். இருமிவிட்டு, அதைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“நீதான் சொன்னியாமே அண்ணா, ஜன்னல்தான் தொந்தரவுன்னு?”

அவன் பலகையைச் சட்டத்தோடு பொருத்தினான். வெளிச்சம் செத்தது. யாரோ தன் வாயையே பொத்தியது போலிருந்தது. டிரில் முனை மரத்தில் பட்டு நின்றது. பொத்தானை அழுத்த விரல் வரவில்லை.

திடீரென்று மிஷின் ஓய்ந்தது. அணைத்தவர் தன்சீல். அந்த அமைதியில் ஏழு பேரின் இளைப்பு தனித்தனியாகக் கேட்டது. வெளியே கார் ஏசி சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

அன்பரசன் வாசலுக்கு வந்துவிட்டார். “மிஷினு ஏன் நின்னுச்சு?”

“ஜன்னல மூடினா ஓட்ட முடியாது சார்,” என்றார் தன்சீல்.

“ஆர்டர் முடியட்டும், மோட்டார் பாக்கலாம்.”

“பொங்கல்லேர்ந்து இதத்தான் சொல்றீங்க!” என்றாள் அமிர்தவள்ளி.

“பேஜார் பண்ணாதீங்க. இஷ்டமில்லாதவங்க கேட்டுக்கு வெளிய போலாம். நவநீதா, அடிக்கிறியா, இல்ல வேற ஆளக் கூப்புடட்டா?”

நவநீதன் பலகையை இறக்கிச் சுவரில் சாத்தினான். ஜன்னல் திறந்துகொண்டது. ஏழு பேரும் அதன் முன்னால் வந்து நின்றார்கள். எட்டாவதாக அவனும் போய் நின்றான். தன்சீலின் தோள் அவன் தோளில் இடித்து, அங்கேயே நின்றது.

அமிர்தவள்ளி தன் துண்டை வாளியில் நனைத்துப் பிழிந்து முதலாளியிடம் நீட்டினாள். தண்ணீர் சொட்டியது.

“நீங்க சொன்ன மாதிரியே ஜன்னல சாத்துறோம் சார்,” என்றான் நவநீதன். “பாய் மிஷின ஓட்டட்டும். இத மூஞ்சில கட்டிக்கினு, பத்தே நிமிஷம் எங்ககூட உள்ள நில்லுங்க சார்.”