சத்தம் போடாத கேமரா

"உங்க கேமரா சத்தம் போடுது மாமி."

அஃபிக் அதைச் சொன்ன விதம், சல்மா ஏதோ பள்ளிவாசலுக்குள் செருப்போடு நடந்துவிட்டாள் என்பது போல இருந்தது. சல்மா அவனுடைய அப்பாவின் தங்கை. சூலியா தெருவில் அவன் நடத்தும் ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுப்பவள்.

அவன் கம்ப்யூட்டரில் போன வாரத்து நிக்காஹ் வீடியோவை ஓட்டினான். மாப்பிள்ளை நிக்காஹ் நடத்தும் காதியின் கையைப் பிடித்தபடி தலைகுனிந்து சம்மதம் சொல்கிறார். பள்ளிவாசலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில், மேல்மாடிப் பெண்கள் பகுதியிலிருந்து,

டடக்.

"கேட்டுச்சா?"

"கேமரான்னா சத்தம் போடும். பின்ன, பாட்டா பாடும்?"

"இப்ப உள்ளது போடாது." மேசை மேலிருந்த சின்னக் கறுப்புக் கேமராவை அவள் பக்கம் நகர்த்தினான். "மிரர்லெஸ். உள்ள கண்ணாடியே இல்ல, மேல கீழ அடிக்கிற வேலையும் இல்ல. பூனை மாதிரி இருக்கும். இனிமே எல்லாருக்கும் இதான்."

"எனக்கு வேண்டாம்னா?"

"பரவால்லலா. அம்பத்தெட்டு வயசுல புது மெனுவெல்லாம் குழப்பம்தான். பொம்பளைங்க ரூமுக்கு வேற புள்ளய அனுப்பிக்கிறேன்."

சல்மாவுக்குக் காது மடல் சுட்டது. இவனுடைய சுன்னத்து விருந்தில், இவன் அழுத அழுகையைப் படம் எடுத்தவளே அவள்தான். ஆல்பம் இன்னும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தப் பையன் இப்போது அவளை ஓரங்கட்டப் போகிறானாம்.

பழைய கேமராவை அந்த மேசை மேலேயே ஓங்கி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். போகவிடாமல் தடுத்தது அவளுடைய வலது மணிக்கட்டு. டாக்டர் ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. போன மாதக் கல்யாணத்தில், லென்ஸோடு கேமராவைத் தூக்கியபோது அம்மிக்குழவியைத் தூக்குவது போல விரல்கள் நடுங்கின. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த 'வேற புள்ள' மறுநாளே வந்துவிடும்.

"குடு இங்க," என்று பிடுங்கிக்கொண்டாள். "குழப்பமாம், குழப்பம்."

"செட்டிங் எல்லாம் நானே வச்சிட்டேன் மாமி. நீங்க எதையும் நோண்டாதீங்க. அமுக்கினா போதும்."

அந்த வார்த்தையும் சுட்டது. ஆனாலும் கேமரா கையில் பஞ்சு போல இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு பையில் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் நூர்ஜான் வீட்டு மருதாணி விழா. நூர்ஜானின் இளைய மகளுக்குக் கல்யாணம். சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அஃபிக்கும் அங்கேதான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பெண்களுக்கு மேலே, வீட்டின் பின்னறை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் கைத்தொலைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். கதவைச் சாத்தியதும் தலையை மூடிய துடோங்குகள் கழலும், கூந்தல்கள் அவிழும், மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். உள்ளே போகிற கேமரா ஒன்றுதான். அது சல்மாவுடையது. அது டடக் என்றால் எல்லாரும் திரும்புவார்கள். "அக்கா, என் பல்லு தெரியுது, அழிங்க" என்று யாராவது கை நீட்டுவாள். சல்மா அந்த இடத்திலேயே காட்டி, அந்த இடத்திலேயே அழிப்பாள். இத்தனை வருஷமாக அறை அப்படித்தான் நடந்தது.

அன்று அவள் எடுத்த முதல் படம் மணப்பெண்ணின் உள்ளங்கை. கேமரா தானாகவே மருதாணிக் கோட்டைத் தேடிப் பிடித்தது. அடுத்து முகம். கண்ணிமையைக்கூட அது கண்டுபிடித்தது. மணிக்கட்டு முனகவில்லை. திருட்டுப் பூனை, கெட்டிக்காரப் பூனை என்று சல்மா மனசுக்குள் திட்டிக்கொண்டே சிரித்தாள். அஃபிக் பயலிடம் இதை மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது. எடுத்தாள், எடுத்தாள், எடுத்துக்கொண்டே போனாள். பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். யாரும் இவள் பக்கம் திரும்பவில்லை. படங்கள் இவ்வளவு இயல்பாக ஒருநாளும் வந்ததில்லை.

மின்விசிறிக்கு நேர் கீழே ஹாஜரா உட்கார்ந்திருந்தாள். நூர்ஜானின் மூத்த மகள். ஆறு மாதமாகப் பொதுமருத்துவமனையில் சிகிச்சை. மருந்தில் தலைமுடி மொத்தமும் உதிர்ந்துவிட்டது. அந்த அறையிலிருந்த சொந்தங்களுக்குத் தெரியும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. வெக்கை தாங்காமல் துடோங்கைக் கழற்றி மடியில் போட்டிருந்தாள். தங்கை என்னவோ சொல்ல, வழவழத்த தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள்.

சல்மா அமுக்கினாள். அவள் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று அது.

பாட்டு முடிந்ததும் ஹாஜரா இவளைப் பார்த்துக் கேட்டாள்: "என்னக்கா, இன்னிக்கு லீவா? ஒரு படம்கூட எடுக்கல?"

"எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எங்க? சத்தமே கேட்கலியே."

சிரிப்பு அறையின் ஒரு மூலையில் நின்றது. பிறகு மறுமூலையிலும் நின்றது.

ஹாஜராவின் கை மடியிலிருந்த துடோங்கைத் தேடியது. "என்னைய எடுத்தீங்களா?"

சல்மா கேமராவைக் கீழே இறக்கினாள். அதுவே பதிலாகிவிட்டது. ஆளாளுக்குத் துடோங்கைப் பாய்ந்து எடுத்தார்கள். ஒருத்தி கூந்தலை முடிந்துகொண்டே கதவுப் பக்கம் போனாள்.

நூர்ஜான் மருதாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. "போனை எல்லாம் கூடையில போடச் சொல்றோம். பத்து வயசுப் புள்ளகிட்டகூட வாங்கி வச்சோம். நீ இப்படிச் செய்வியா சல்மா?"

"புதுக் கேமரா நூர்ஜான். சத்தம் வராதுன்னு..."

"உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியுமா?"



சல்மா கேமராவை ஹாஜராவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினார்கள். அழி. அழி. இது இருக்கட்டும். அழி. ஹாஜராவின் சிரிப்பு திரையில் வந்ததும் எல்லார் கையும் நின்றது.

"அழகா இருக்குடி," என்றாள் யாரோ மெதுவாக.

"அழிங்கக்கா," என்றாள் ஹாஜரா.

சல்மா அழித்தாள்.

"போய் உன் பழைய கேமராவ எடுத்துட்டு வா," என்றாள் நூர்ஜான். "இல்லாட்டி படமே வேணாம்."

பழையது கீழே நிறுத்தியிருந்த காடியின் பின்பெட்டியில் கிடந்தது. சல்மா வெயிலில் நின்றபடி அதைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். டடக். எவ்வளவு நல்ல சத்தம். இரண்டாவது டடக்கில் மணிக்கட்டுக்குள் ஊசி இறங்கியது. மூன்றாவதில் கேமரா நழுவி, வாரில் தொங்கி, நெஞ்சில் இடித்தது. திரையில் மூன்று படமும் கலங்கல்.

"என்ன மாமி, வெளிய நிக்கிறீங்க?" அஃபிக் ஒரு கையில் பந்துங் சர்பத்தோடு வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினான். "இதுக்கா? சின்ன விஷயம். தெரியாம எடுத்தாதான் படம் நேச்சுரலா வரும். ஆல்பத்துல பார்த்தா அவங்களே சந்தோசப்படுவாங்க."

"யார்டா சொன்னா?"

"கஸ்டமர் எல்லாம் அப்படித்தான் மாமி..."

"அந்தப் புள்ள தலையில ஒரு முடி இல்லடா. நம்ம ஆளுங்க மட்டும்னு நம்பித் தலைத்துணியைக் கழட்டி வச்சா. திருடன் மாதிரி எடுத்திருக்கேன் நான். சந்தோசப்படுவாளாம்."

அஃபிக் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தான். "சரி. சத்தம்தானே பிரச்சனை? மெனுல இருக்கு. மெக்கானிக்கல் ஷட்டர்னு ஒன்னு. அதை வச்சா சத்தம் வரும்."

சல்மா தோளில் தொங்கிய புதுக் கேமராவைக் கையில் எடுத்தாள்.

"வருமா?"

"வரும்லா. நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க குழம்பிடுவீங்கன்னு..."

"குழம்புறேனா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டியா?" அவள் குரலுக்குக் கூடாரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என் கை, என் கண்ணு, என் வேலை. நீயா முடிவு பண்ணி, நீயா பூட்டி வச்சு, எதையும் நோண்டாதீங்கன்னு சொல்லி அனுப்புற. நான் உள்ள போய் அந்தப் புள்ளைங்களுக்கு அதையேதான் செஞ்சிருக்கேன். இப்ப காட்டு, எங்க இருக்கு அந்த மெனு."

"நானே மாத்தித் தரேன் குடுங்க."

"காட்டு. நான் மாத்துறேன்."

மாற்றினாள். தேடித் தேடி, இரண்டு தடவை தப்பான பக்கத்துக்குப் போய், மூன்றாவது தடவை பிடித்துவிட்டாள். அமுக்கிப் பார்த்தாள். டிக். பழைய டடக்கின் பேரன் மாதிரி ஒல்லியாக இருந்தது. ஆனாலும் கேட்டது.

"பள்ளிவாசல்ல நான் பூனையா இருக்கேன். அது நீ சொன்னது சரி," என்றாள். "பொம்பளைங்க ரூமுல இது சத்தம் போடும். அந்த மெமரி கார்டும் அவங்க பார்த்து முடிச்ச பிறகுதான் உன் கைக்கு வரும். இஷ்டம் இல்லேன்னா உன் வேற புள்ளய அனுப்பு. நூர்ஜான் கதவைத் திறக்கிறாளான்னு பார்ப்போம்."

சல்மா பழையதைப் பின்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

பின்னறையில் அவள் முதலில் செய்தது, கேமராவை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துச் சுவரைப் பார்த்து அமுக்கியது. டிக்.

"இதான் சத்தம். இது கேட்டா எடுத்தேன். கேட்கலன்னா எடுக்கல."

"என்னடி இது, பல்லி கத்துற மாதிரி இருக்கு," என்றாள் நூர்ஜான். ஒருத்தி சிரித்தாள். பாட்டு கொஞ்சம் தயங்கித்தான் திரும்ப ஆரம்பித்தது. டிக் என்றபோதெல்லாம் பாட்டு ஒரு அடி நின்று, கண்கள் திரும்பி, பிறகு தொடர்ந்தது. கைகள் நீண்டன. சல்மா காட்டினாள், அழித்தாள்.

ஹாஜரா மட்டும் துடோங்கைக் கழற்றவே இல்லை. தாடைக்குக் கீழே ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். கழுத்தில் வேர்வை ஓடியது. சல்மா அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் மணப்பெண்ணின் மறு உள்ளங்கையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பலகாரத் தட்டு வந்த நேரம், ஹாஜரா ஊசியில் விரலை வைத்தாள். சல்மாவை நேராகப் பார்த்தாள்.

"அக்கா. இப்ப இல்ல."

சல்மா கேமராவை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

ஹாஜரா ஊசியை எடுத்தாள். துடோங்கைக் கழற்றி, அதாலேயே தலைக்கு விசிறிக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு கரிபாப்பை எடுத்துக் கடித்தாள். தங்கை திரும்ப என்னவோ சொன்னாள்.

ஹாஜரா சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.