மாப்பிள்ளைத் தண்ணி

கிழக்கு வெளுக்கும்போதே முலாம் பூசும் பட்டறையில் தொட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. கதவுக் கைப்பிடிகள் தொங்கிய இரும்புச் சட்டத்தைத் தூக்கிக் குரோமத் தொட்டிக்குள் இறக்கினார் வால்வுக்காரர். பாரம் தோளைப் பிடுங்கியது. ஆவி கண்ணைக் கரித்தது. மூக்கு மட்டும் கரிக்கவில்லை. வருஷக்கணக்காக இந்த ஆவி பட்டு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்து, வாசனை என்பதே மறந்துபோய்விட்டது. கைப்பிடிகள் முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி மின்னிக்கொண்டு மேலே வந்தன. அதில் தெரிந்த தன் முகத்தை அவர் பார்ப்பதில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

பட்டறைக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய அறையில் தனிக்கட்டையாக இருந்தார். முன்பெல்லாம் விளக்கைப் போட்டால் ஆற்றுப் பூச்சிகள் மொய்த்துச் சாப்பாட்டுத் தட்டில் விழும். வாய்க்கு வந்தபடி திட்டுவார். இப்போது ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு உயிர் இல்லாத தனிமை இருக்கிறதே, அது ஆளையே தின்றுவிடும்.

தங்கைக்கு ஆற்று நத்தை பொறுக்கி விற்பதுதான் பிழைப்பு. அவள் வீட்டில்தான் இவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஒருநாள் அவள் மடி நிறைய நத்தைகளை அள்ளிவந்து பட்டறை வாசலில் கொட்டினாள். விரல் பட்டதும் ஓடுகள் நொறுங்கின.

"எல்லாம் செத்துக் கிடக்குண்ணே. அப்படி என்னத்தத்தான் விடுறீங்க ஆத்துல?"

பக்கத்தில் முதலாளி நின்றார். முதலாளி வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வால்வுக்காரர் வாயில் தானாக வந்தது. "அளவுக்குள்ளதான் விடுறோம்."

தங்கை அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன.

அரசாங்கம் குறித்த அளவுக்குள் வருகிற வித்தை ஒன்றும் பெரிதில்லை. தண்ணீரைச் சோதிக்க வரும் அதிகாரிக்குப் பட்டறையில் 'மாப்பிள்ளை' என்று பெயர். அவர் தலை தெரிந்ததும், "மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று முதலாளி குரல் கொடுப்பார். வால்வுக்காரர் நல்ல தண்ணீர் வால்வைத் திறந்து கழிவோடு கலந்துவிடுவார். கழிவின் மஞ்சள் வெளுத்துப்போகும். அதிகாரி குப்பியில் பிடித்துக்கொண்டு கிளம்புவார். அவர் தெருமுனை திரும்பியதும் வால்வு மூடப்படும். மஞ்சள் பழையபடி ஓடும். கழிவைச் சுத்தம் செய்யக் கட்டிய தொட்டியில் முதலாளி வீட்டுப் பழைய கட்டில்கள் படுத்திருந்தன.

"இன்னைக்கு மாப்பிள்ளை வர்றாராம்ண்ணே," என்றாள் அன்று காலை பட்டறையில் பாலிஷ் போடுகிறவள்.

"வரட்டும். நான் திறக்கப் போறதில்ல."

"வேலை போயிடும்ண்ணே!"

"போனா போகட்டும். ஞாயித்துக்கிழமையும் அந்த ரூம்ல தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள்தான் இருக்கிறது?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். குரோமத் தண்ணீர் அரித்து இவர் கையில் இருக்கும் அதே பொத்தல் புண். "நத்தைக்கு ஓடு போச்சு, நமக்குத் தோலு போச்சு. நீங்க ஏன்ண்ணே தனியா மாட்டிக்கணும்? கொஞ்சம் பொறுங்க."

அவள் தொட்டி தொட்டியாகப் போய்ப் பேசினாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் யாராவது வால்வைத் திறந்துவிடுவார்களோ என்று இவருக்குப் பட்டது.

"மாப்பிள்ளை வந்தாச்சு!"

வால்வுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காது அடைச்சுப்போச்சா? தண்ணிய விடுய்யா!"

"விட மாட்டேன் முதலாளி."

"என்னய்யா இது புதுசா? எல்லாம் அளவுக்குள்ளதானே இருக்கு!"

"அந்த அளவு மாப்பிள்ளைக்குத்தான், முதலாளி. அவரு வந்துட்டுப் போயிடுறாரு. நத்தை அங்கேயேதானே கிடக்கு?"

"வேற யாராவது திறங்கய்யா!"

தரையைப் பார்த்தவர்களில் ஒருவன், தொட்டி கழுவுகிறவன், வால்வை நோக்கி நடந்தான். வால்வுக்காரர் நகரவில்லை. வந்தவன் அவர் பக்கத்தில் நின்று தானும் கையைக் கட்டிக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"பட்டறைய மூடிட்டா தெருவுலதான் நிப்பீங்க, தெரியுமா?"

"மூடச் சொல்லல முதலாளி," என்றாள் பாலிஷ் போடுகிறவள். "கட்டிலை எல்லாம் வெளிய எடுத்துட்டு அந்தத் தொட்டிய ஓட்டுங்க. எங்களுக்குக் கையுறை குடுங்க. அவ்வளவுதான்."

வெளியே அதிகாரி குப்பியைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள். அதை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு என்ன பதில் வரும், வருமா என்பதே யாருக்கும் தெரியவில்லை. முதலாளிக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

போக்கிடம் இல்லாமல் எல்லாரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். கொஞ்சம் கீழே, மஞ்சள் கரைந்துபோன இடத்தில், தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. இந்தத் தெளிவைப் பார்த்து ஒருகாலத்தில் அவர் பெருமைப்பட்டதுண்டு. இன்று பார்க்கப் பயமாக இருந்தது. அதில் எதுவுமே அசையவில்லை. முழங்கால் தண்ணீரில் தங்கை குனிந்து துழாவிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைக் கண்டு நிமிர்ந்தாள்.

அவர் தண்ணீர் விளிம்புவரை போனார்.

"அளவுக்குள்ள இல்லம்மா. இன்னைக்கு நல்ல தண்ணி கலக்க மாட்டோம்னு நின்னுட்டோம்," என்றார்.

அவள் அவரையும், பின்னால் நின்றவர்களின் கைகளையும் பார்த்தாள்.

"இத்தனை பேருமாண்ணே?"

"இத்தனை பேரும். நாளைக்கும் வாசல்லதான் நிப்போம்."

தங்கை காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள்.

"அப்போ நத்தை பொறுக்குற நாங்களும் வர்றோம். கொட்டுறதுக்கு இன்னும் நிறைய ஓடு கிடக்கு."